ஊர்ப்பெயரும் எழுதாத மூலமொழியும்

சென்ற ஆண்டுச் சாரற் பருவத்தில் நம் கல்லூரி மாணவர் சிலரொடு நாம் குற்றாலம் சென்றிருந்தோம். சுரண்டையில் நண்பரொருவர் இல்லத்திற் காலையுணவு ஏற்பாடாகியிருந்தமையின், ஆலங்குளத்தில் தென்காசிப் பெருவழியை விட்டு விலகி வீரகேரளம்புதூர் வழியாகச் செல்ல நேர்ந்தது. ஆங்கு வண்டி சிறிது நேரம் நின்றபொழுது, ஓசூரிலிருந்து வந்து பயிலும் மாணவரொருவர் கடைப்பலகையிலிருந்த ஊர்ப்பெயரைப் படித்து, "ஐயா, இவ்வூரின் பெயரும் எங்கள் ஊரின் பெயரும் ஒன்றுதான். எங்கள் வீட்டிற் பேசுவது கன்னடம். ஹொஸ என்றால் புதிது. ஹொஸ ஊருதான் ஓசூர் ஆயிற்று" என்றார். பக்கத்திலிருந்தவர் நகைத்து, "புதூர் எங்கே, ஓசூர் எங்கே? ஓசை கொஞ்சமும் ஒக்கவில்லையே! அப்படிப் பார்த்தால் ஒன்று என்பதும் ஆங்கிலத்து ஒன் என்பதும், எட்டு என்பதும் எய்ட் என்பதும் எவ்வளவு ஒத்திருக்கின்றன. ஆங்கிலம் தமிழிலிருந்து பிறந்தது என்று சொல்லிவிடலாமே" என்றார். வண்டி முழுவதும் நகையொலி எழுந்தது.

முதல்வர் கூறியதே உண்மை, இரண்டாமவர் நகைக்காகக் கூறியது பிழை என்று நாம் விடை பகர்ந்தோம். ஏன் என்பதனை அருவிக்கரை சேரும்வரையிற் பேசியும் முடிக்க இயலவில்லை. அன்று எஞ்சியதனை இவ்விதழில் எழுதுமாறு மாணவர் வேண்டினர். ஆதலின் ஓர் ஊர்ப்பெயரைக் கையிற்கொண்டு, எவரும் எழுதிவையாத, இன்று எவரும் பேசாத மொழியொன்றை அறிஞர் எவ்வாறு மீட்டெடுத்தனர் என்பதனை ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

முதற்கண் ஒன்றையும் எட்டையும் பார்ப்போம். ஆங்கிலத்து ஒன் என்னுஞ் சொல் ஆயிரம் ஆண்டுகட்குமுன் ஆன் என்று ஒலித்தது. அதனுடன் பிறந்த இலத்தீன் சொல் ஊனுஸ். அதற்கும் முந்திய இலத்தீன் வடிவம் ஒய்னொஸ். இன்று வகரவொலியொடு தொடங்குவது பிற்காலத்து ஆங்கிலரின் நாவழக்கேயன்றி வேறன்று. எய்ட் என்பது பழைய ஆங்கிலத்தில் எயஹ்த, இலத்தீனில் ஒக்தோ, வடமொழியில் அஷ்ட. நடுவே ககரவொலி ஒன்று இருந்தமை இதனாற் பெறப்படும். நம் எட்டு என்பதோ எண்பது, எண்ணூறு, எண்மர் என்பவற்றொடு நிற்பது. அதனடியில் உள்ளது எண் என்னும் ணகர வீற்றுச் சொல். எனவே காலத்திற் பின்னோக்கிச் செல்லுந்தோறும் இரண்டும் ஒன்றைவிட்டொன்று விலகிப்போகின்றன. உறவுடைய சொற்களாயின் பின்னோக்கிச் செல்லுந்தோறும் நெருங்கிவரல் வேண்டும்.

இதனினும் வியப்பானது ஆர்மீனிய மொழியில் இரண்டைக் குறிக்கும் எர்க்கு என்பது. கேட்ட மாத்திரத்தில் நம் இரு என்பதற்குத் தம்பி என்று தோன்றும். ஆயின் அஃது ஆங்கிலத்து டூ, வடமொழித் துவி என்பவற்றின் உடன்பிறப்பு! துவ் என்று மூலமொழியில் தொடங்கிய சொற்கள் ஆர்மீனியத்தில் எர்க் என்று தொடங்குதல் விதியாகும். இரண்டு என்னும் இச்சொல்லில் மட்டுமன்றி, நீண்டது என்னும் பொருட்சொல்லிலும் அச்சம் என்னும் பொருட்சொல்லிலும் அதே மாற்றம் அங்கே காணப்படுகின்றது. ஓசையொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு மொழியுறவு நாட்டுவார், எர்க்கு என்பதனை நமக்கு உறவாக்கித் துவியினின்று பிரித்துவிடுவர். அவர் கொள்வதும் பிழை, தள்ளுவதும் பிழையாக முடியும்.

அங்ஙனமாயின் உறவுக்குச் சான்று யாது? ஒப்புமையன்று, வேறுபாட்டின் ஒழுங்கே சான்று. ஓசூர் மாணவரின் வீட்டு மொழியையே எடுத்துக்கொள்க. நம் பத்து அங்கே ஹத்து, பல் ஹல்லு, பால் ஹாலு, புலி ஹுலி, பெண் ஹெண்ணு, பாம்பு ஹாவு, பாடு ஹாடு, போ என்பது ஹோகு. தமிழிற் பகரம் மொழிமுதல் நிற்குமிடமெல்லாம் கன்னடத்தில் ஹகரம் நிற்கின்றது. தற்செயலாக ஒரு சொல் ஒத்திருக்கலாம். இத்துணைச் சொற்கள் ஒரே முறையில் வேறுபடுதல் தற்செயலாகாது. இவ்வேறுபாடு நம் கண்முன்னரே நிகழ்ந்ததென்றுங் கூறலாம். 9ஆம் நூற்றாண்டின் கவிராஜமார்க்கக் காலத்துக் கன்னடம் பகரத்தையே கொண்டிருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் அது சிறிது சிறிதாக ஹகரமாகத் தேய்ந்தமையைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. பொஸ என்றிருந்ததே ஹொஸ ஆயிற்று. புஸ்தகம் போன்று பிறமொழியினின்று வந்த சொற்களிற் பகரம் கெடாது நிற்றலும் கவனிக்கற்பாலது.

இனி ஆங்கிலத்தை நோக்குவோம். வடமொழிப் பிதா அங்கே ஃபாதர், பாதம் ஃபுட், பஞ்ச என்பது ஃபைவ், பூரணம் ஃபுல். கன்னடத்திற் பகரம் ஹகரமானவாறே ஆங்கிலம், செருமானியம் முதலிய மொழிகளின் தாய்மொழியிற் பகரம் ஃபகரமாயிற்று. தந்தம் டூத் என்றும், தசம் டென் என்றும், துவி டூ என்றும் நிற்றல் மற்றொரு நிரை. இந்நிரைகளை முறைப்படுத்தியவர் இருவர்: 1818ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட டென்மார்க்கு நாட்டு ராஸ்க்; 1822ஆம் ஆண்டு தம் செருமானிய இலக்கணத்தின் திருத்திய பதிப்பில் அதனை விரித்த யாக்கோபு கிரிம். சிறுவர்க்குக் கதைத்தொகுப்புச் செய்த கிரிம் உடன்பிறந்தாருள் மூத்தவரே இவர். கதை தொகுத்தவரென்று அறிவார் பலர். ஒலிவிதி கண்டவரென்று அறிவார் சிலர்.

விதியொன்று கூறினால் விலக்குக்கள் வந்து வாயிலில் நிற்கும். பிதா, பிராதா என்னும் இரண்டிலும் நடுவே தகரம் உளது. ஆயின் செருமானியர் தந்தையை ஃபாட்டர் என்றும், உடன்பிறந்தானை ப்ரூடர் என்றுங் கூறுவர். ஒரே தகரம் அங்கே இரு வழியிற் போயிருக்கின்றது. இதற்குக் காரணம் ஐம்பது ஆண்டுகட்கு மேலாக எவர்க்கும் புலப்படவில்லை. டென்மார்க்கினராகிய கார்ல் வெர்னர் 1875ஆம் ஆண்டில் அதனைக் கண்டார். வேதம் ஓதுவார் பிதா என்னுஞ் சொல்லில் ஈற்றசையை எடுத்துக் கூறுவர். பிராதா என்பதில் முதலசையை எடுத்துக் கூறுவர். அவ்வெடுத்தலோசை தகரத்திற்கு முன்னசையில் நின்றால் ஒருவழி, அல்லாக்கால் மற்றொருவழி. கங்கைக்கரையில் வேதம் ஓதினவர் வாய்மொழியாகக் காத்துவந்த உதாத்தம், அதனைக் கேட்டறியாத வடகடற்கரை மக்களின் மெய்யெழுத்துக்களிற் பதிந்துகிடந்தது. மொழிநூலின் வரலாற்றில் இதனை ஒத்த அழகிய கண்டுபிடிப்பு வேறு சிலவே உள.

இங்ஙனம் நிரையொடு நிரையை வைத்துப் பார்க்குங்கால், இவையனைத்தும் ஒரு தாயினின்று பிரிந்தன என்பது தானே போதரும். அவ்வெண்ணத்தை நம் நாட்டிலிருந்தே உலகறியக் கூறியவர் வில்லியம் ஜோன்ஸ் என்னும் நீதிபதி. 1786ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் கல்கத்தா ஆசியக் கழகத்தில் அவர் ஆற்றிய உரையில், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்தினின்று தோன்றினவென்றும், அம்மூலம் இப்பொழுது இல்லாதொழிந்திருக்கலாம் என்றுங் கூறினார். வடமொழி மற்றையவற்றின் தாய் என்று அவர் கூறவில்லை என்பதனை நினைவிற் கொள்க. மூத்த தமக்கை வேறு, தாய் வேறு.

ஒழிந்துபோன அத்தாயையே முந்தை இந்து-ஐரோப்பிய மொழி என்பர். அதில் எழுதிய ஓலையுமில்லை, கல்லுமில்லை. மக்களினங்களின் வாயிற் சிதறிக்கிடக்கும் சொற்களைக்கொண்டு அறிஞர் அதன் சொற்களை உய்த்துணர்ந்து எழுதுவர். எழுதுங்கால் ஒவ்வொரு சொல்லின் முன்னும் விண்மீன் வடிவான உடுக்குறி ஒன்றை இடுவர். இச்சொல் கண்ணாற் கண்டதன்று, கருத்தாற் கொண்டது என்பதே அக்குறியின் பொருள். நேர்மையுடைய குறி! வேறு பல துறைகளிலும் இத்தகைய குறி ஒன்று வழங்கினால் நன்றாயிருக்கும் என்று நாம் எண்ணுவதுண்டு.

வீரகேரளம்புதூர் என்னும் பெயரின் தலைச்சொல் இத்தகைய மூலத்தினின்று வந்ததே. வீர என்பது வடமொழி வழி நம்மை அடைந்தது. அதன் உடன்பிறப்புக்கள் இலத்தீனில் விர், இலித்துவேனியத்தில் வீரஸ், பழைய ஐரிய மொழியில் ஃபெர், பழைய ஆங்கிலத்தில் வெர். எல்லாவற்றிற்கும் முதற்பொருள் ஆண்மகன் என்பதே. போர்மறவன் என்னும் பொருள் நம் நாட்டில் மிக்கு நின்றது. ஆங்கிலத்தில் வெர் என்பது தனியே வழக்கொழிந்தது. ஆயினும் உலகைக் குறிக்கும் வேர்ல்ட் என்னுஞ் சொல்லில் அது கரந்துறைகின்றது. மனிதன் வாழ்நாள் என்பது அச்சொல்லின் பழம்பொருள். வர்ச்சு என்னும் நற்குணப் பெயரோ இலத்தீன் விர் என்பதன் வழியது. எனவே வீ.கே.புதூருக்குப் பயணச்சீட்டு வாங்குவார் எவரும் இலத்தீன் உரோமரின் உறவுச்சொல் ஒன்றை உச்சரிக்கின்றனர்.

அம்மூலமொழியின் இயல்புகளுள் தமிழ் கற்பார்க்குச் சுவையாகத் தோன்றுவன சிலவற்றைக் குறிப்போம். பெயர்க்கு எட்டு வேற்றுமை. இது நமக்குப் புதிதன்று. எண்ணோ மூன்று: ஒருமை, இருமை, பன்மை. இருகண், இருகை, ஏர்பூட்டிய இரண்டெருது என இணையாக வருவனவற்றிற்கு இருமை வேண்டப்பட்டது. பாலும் மூன்று, ஆயின் நம் பால்போலப் பொருள்நோக்கியதன்று, சொல்நோக்கியது. மனைவியைக் குறிக்கும் வடசொற்களுள் பார்யா பெண்பால், தாரம் என நாம் வழங்கும் தார என்பது ஆண்பால், களத்திரம் அலிப்பால் என்று மாணவரை மருட்டும் வழக்கம் அம்மூலத்தின் சொத்தே. உயர்திணை அஃறிணை என அறிவுநோக்கிப் பகுத்த தொல்காப்பியர் மாணவர்க்கு இரக்கமுடையவர் என்றே சொல்லல் வேண்டும்.

ஒலிகளில், வடமொழி வர்க்கங்களின் முதலெழுத்தும் மூன்றாமெழுத்தும் நான்காமெழுத்தும் அதன்கண் இருந்தனவென்றும், இரண்டாமெழுத்துப் பின்னர்த் தோன்றியதென்றும் பெரும்பாலார் கொள்வர். நாவை மடித்துச் சொல்லும் டகர ணகரங்கள் அங்கே இல்லை. ஐரோப்பிய உறவுமொழிகளிற் பண்டு இல்லாத அவ்வொலிகள் வடமொழியிற் புகுந்தமைக்கு நம் மொழிக்குலத்தின் கூட்டுறவும் காரணம் என்று அறிஞர் பலர் எழுதியுள்ளனர். நாம், நாங்கள் என்னும் வேறுபாடும் அம்மொழியிற் காணப்படவில்லை. தெலுங்கில் மனமு, மேமு என்றும், மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள் என்றும் நிற்கும் இவ்வேறுபாடு நம் குலத்தின் பழஞ்சொத்து. கன்னடம் இதனை இழந்துவிட்டது. இக்கட்டுரையில் நாம் என்பது சிலவிடத்து எழுதுவாரையும், சிலவிடத்துப் படிப்பாரையும் உளப்படுத்தி வருதலை மாணவர் தாமே பிரித்தறிவாராக.

யாவற்றினும் சிறந்த இயல்பு உயிர்த்திரிபு. கெடு என்பது கேடு என்றும், படு என்பது பாடு என்றும் முதனிலை திரிந்து பெயராதலை நாம் அறிவோம். அம்மொழியில் வினையடியின் உயிர் எகரமாயும் ஒகரமாயும் மாறும். சிலவிடத்து முழுதும் மறையும். ஆங்கிலத்தில் ஸிங், ஸாங், ஸங் என வினை உருமாறுவதும், வடமொழி இலக்கணத்துக் குணமும் விருத்தியும் அப்பழந்திரிபின் எச்சங்களே.

இத்திரிபை ஆராய்ந்தபொழுதுதான் இத்துறையின் பெருஞ்சோதனைக்கு வித்திடப்பெற்றது. சுவிட்சர்லாந்தினராகிய பெர்தினாந் தெ சொசூர் லைப்சிக்கில் மாணவராயிருந்து 1879ஆம் ஆண்டிட்ட நூலொன்றை வெளியிட்டார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தொன்று. நம் வகுப்பு மாணவர் வயதே. நெடிலுடைய சில வினையடிகள் மேற்கூறிய ஒழுங்கிற்கு அடங்கவில்லை. அவற்றில் எகரக் குறிலும் அதன்பின் ஒலியொன்றும் இருந்து, அவ்வொலி மறைந்தமையாற் குறில் நெடிலாயிற்று என்று கொண்டால் எல்லாம் ஒழுங்காகும் என அவர் காட்டினார். ஆயின் அவ்வொலி எந்த மொழியிலும் இல்லை. கணக்கு நேர்படவேண்டும் என்பதற்காகவே இல்லாத ஒலியைப் படைத்துக்கொண்டார் என்று பலரும் அதனை ஏற்கவில்லை. பின்வந்தோர் அதனைத் தொண்டையொலி என்றனர்.

1906ஆம் ஆண்டு முதல் துருக்கியில் பொகாசுக்கோய் என்னுமிடத்து அகழ்ந்தபொழுது களிமண் ஏடுகள் பல்லாயிரம் கிடைத்தன. அவற்றிற் கண்ட இத்தைது மொழி இந்து-ஐரோப்பியக் குலத்ததே என்று 1915ஆம் ஆண்டில் செக்கு நாட்டறிஞர் ஹ்ரோஸ்னி அறிவித்தார். அதில் நீருக்குப் பெயர் வாதர்; ஆங்கில வாட்டரை அறிந்த எவரும் அதனை இனங்கண்டுகொள்வர். கி.மு. இரண்டாம் ஆயிரத்து ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற அவ்வேடுகளில், வடமொழி அந்தி, இலத்தீன் அந்தெ என்பவற்றொடு ஒக்கும் சொல் ஹந்தி என்று இருந்தது. பிறமொழிகளில் உயிர்முதலாய் நிற்கும் சொல்லுக்கு அங்கே ஹகரம் முதலாகின்றது! சொசூர் இருந்ததென்று கூறிய ஒலி நிற்கவேண்டிய இடங்களிலேயே அது நிற்கின்றமையைப் போலந்து நாட்டினராகிய குரிலோவிச் 1927ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். சொசூர் அதற்குப் பதினான்கு ஆண்டுகட்கு முன்னரே காலஞ்சென்றார். தாளிற் கணித்துரைத்த ஒலி, மண்ணைத் தோண்டியபொழுது மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்தாகக் கையிற் கிடைத்தது. உடுக்குறியிட்ட சொல் வெறுங்கற்பனையென்று எள்ளுவார்க்கு இதனினும் மேம்பட்ட விடை வேறில்லை.

அத்தொண்டையொலி வீர என்னுஞ் சொல்லிலும் இருந்ததென்று மொழிநூலார் கொள்வர். வி என்னுங் குறிலின்பின் அது நின்று மறைந்தமையாற் குறில் நீண்டது. வடமொழியிலும் இலித்துவேனியத்திலும் அந்நெடில் உளது. இலத்தீன் விர் என்பதிற் பின்னர்க் குறுகிற்று. எனவே வீரகேரளம்புதூரின் முதலெழுத்தாகிய ஈகார நெடிலே மறைந்த அவ்வொலியின் அடிச்சுவடு.

எனினும் இம்மீட்சிக்கு எல்லையுண்டு. செருமானியராகிய சிலைக்கர் 1868ஆம் ஆண்டில் அம்மூலமொழியிலேயே ஆட்டையும் குதிரைகளையும் பற்றிச் சிறுகதையொன்று எழுதிவிட்டார். பின்வந்த அறிஞர் தத்தம் கொள்கைக்கேற்ப அதனைத் திருத்தித் திருத்தி எழுதியபொழுது, முதற்கதையின் சொல் ஒன்றேனும் மாறாது நிற்றல் அரிதாயிற்று. சொற்களையும் விதிகளையும் மீட்கலாம். ஓர் ஊரில் ஒருநாள் மாலை மக்கள் பேசிய பேச்சை மீட்டல் இயலாது. அம்மொழி பேசினார் சக்கரமும் அச்சும் அறிந்தவர், குதிரையும் ஆவும் ஆடும் அறிந்தவர், தேனினின்று மது வடித்தவர் என்பது பொதுச்சொற்களாற் பெறப்படும். யானைக்கும் நெல்லுக்கும் தென்னைக்கும் பொதுச்சொல் இல்லை. இவற்றையும் சக்கரவண்டியின் காலத்தையுங் கருதி, கருங்கடலுக்கும் காசுபியன் கடலுக்கும் வடக்கேயுள்ள புல்வெளியில் ஏறத்தாழ கி.மு. 4500 முதல் 2500 வரையில் அம்மொழி வழங்கியதென்று பலர் கொள்வர். 2015ஆம் ஆண்டு முதல் வெளிவரும் பண்டையெலும்புகளின் மரபணு ஆராய்ச்சியும் அப்புல்வெளியினின்று மக்கள் பரவியமைக்குத் துணைநிற்கின்றது. இத்தைதுக் கிளை பிரிந்த இடமும் காலமும் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை.

வடமொழி தாயன்று என்பதற்கு உட்சான்று ஒன்று 1870ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. அஃது ஈண்டு நமக்கு மிகவும் வேண்டுவது. ஐரோப்பிய மொழிகளில் எகரமும் ஒகரமும் அகரமும் நிற்கும் இடங்களில் வடமொழியில் அகரமொன்றே நிற்கும். பழைமையுடையது வடமொழியே, ஓருயிரே மூன்றாகப் பிரிந்தது என்று முன்னோர் நினைத்தனர். ஆயின் உம்மைப் பொருளில் வரும் இலத்தீன் க்வெ என்பதற்கு வடமொழியில் ச என்று சகரம் நிற்பானேன்? வேறிடங்களிற் ககரமே நிற்கின்றதே? எகரத்தின் முன் நாவின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழும். அதனாற் ககரம் சகரமாகும். எனவே முதலில் எகரம் இருந்து ககரத்தைச் சகரமாக்கியது. பின்னரே அவ்வெகரம் அகரமாயிற்று. சக்கரம் என்னும் வடசொல்லின் முதலிற் சகரமும் நடுவிற் ககரமும் நிற்றற்கும் இதுவே காரணம். பழைய உயிர்களைப் போற்றியவை கிரேக்கமும் இலத்தீனும், மாற்றியது வடமொழி. மெய்யெழுத்துக்களிற் பலவற்றைப் போற்றியது வடமொழி. மாற்றியது ஆங்கிலக் குலம். முழுச்செல்வத்தையும் காத்த பிள்ளை எவரும் இலர்.

ககரம் சகரமான இக்கதை நம் வீட்டிலும் நிகழ்ந்துளது. கன்னடத்திற் காதுக்குக் கிவி, நமக்குச் செவி. அங்கே கெய், இங்கே செய். பெங்களூர் கண்ட கெம்பே கௌடரின் பெயரிலுள்ள கெம்பும் நம் செம்மையும் ஒன்றே. இகர எகரங்களின் முன் ககரம் தமிழிற் சகரமாயிற்று. ஆயின் கேள், கெடு, கீழ், கிளி என்பன மாறவில்லையே எனின், அங்கெல்லாம் அடுத்துவரும் மெய் நாமடித்துச் சொல்லும் ளகர டகர ழகரங்களுள் ஒன்று. அவ்வொலி ககரத்தைக் காத்தது. தெலுங்கில் அக்காவலும் இல்லை. கெடு அங்கே செடு, கிளி அங்கே சிலுக. இங்ஙனம் விலக்கும் விதியாய் முடிதல் வெர்னர் கண்ட நெறியோடு ஒப்பதன்றோ? செவி என்னுஞ் சொல்லிற் கன்னடமே பழைமையுடையது. பத்து என்னுஞ் சொல்லிற் தமிழே பழைமையுடையது. ஆதலின் தமிழினின்று கன்னடம் பிறந்ததென்றலும் கன்னடத்தினின்று தமிழ் பிறந்ததென்றலும் ஒருங்கே வீழ்கின்றன. இரண்டிற்கும் முந்திய தாயொன்று உடுக்குறியின்கீழ் நிற்கின்றது. தமிழார்வமுடைய இளைஞர் சிலர்க்கு இது கசக்கலாம். தமிழின் பெருமை அதன் தொன்னூல்களில் இருக்கின்றது. பிறமொழிகளின் தாயாயிருத்தல் அப்பெருமைக்கு வேண்டப்படுவதன்று என்பது நம் கருத்து.

இத்தாயைத் தேடிய வரலாற்றில் நம் நெல்லைச் சீமைக்குத் தனியிடம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன வடமொழியின் வழியல்ல என்று 1816ஆம் ஆண்டிற் சென்னைக் கலெக்டராகிய எல்லிஸ், காம்பெல் எழுதிய தெலுங்கிலக்கணத்தின் முன்னுரையில் நாட்டினார். அதற்கு நாற்பது ஆண்டுகட்குப்பின், 1856ஆம் ஆண்டில், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தேரிக்காட்டு ஊரொன்றிலிருந்து, நூற்சாலை அருகின்றி, ஒரு மொழிக்குலத்தையே வரையறுத்த அவர் உழைப்பு வியக்கற்பாலது. 1875ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிற் பன்னிரண்டு மொழிகளை அவர் ஆராய்ந்தார். அவர் கண்டன யாவும் நிலைபெற்றன என்றல் தகாது. நம் குலத்தைச் சிதிய மொழிகளொடு இணைக்க அவர் முயன்றதனை இன்று ஏற்பாரில்லை. அங்கே அவரும் ஒப்புமையையே மிகுதியும் நம்பினார். பின்னர்ப் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961இலும், திருத்திய பதிப்பு 1984இலும் வெளிவந்தன. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் பெருநூல் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2018ஆம் ஆண்டில் வெளியான கணிப்பொன்று அத்தாய்மொழியின் அகவை ஏறத்தாழ 4500 ஆண்டு என்கின்றது.

அவ்வகராதியிற் புது என்னுஞ் சொல்லைத் தேடினால் ஓசூர் மாணவர் கூற்று உறுதிப்படுதல் காணலாம். கன்னடத்திற் பொஸ, ஹொஸ; குருக்கு மொழியிற் புனா; பலூசித்தானத்துப் பிராகுயி மொழியிற் பூஸ்குன். நெல்லைச் சீமைக்கும் பலூசித்தானத்துக்கும் இடையே எத்துணை ஆறும் மலையும் பாலையும் கிடக்கின்றன! பிராகுயியர் தமிழ்ப் பெயரும் கேட்டிரார். ஆயினும் புதிதைக் குறிக்க அவரும் நாமும் ஒரு தாயின் சொல்லையே வழங்குகின்றோம்.

எஞ்சியது நடுச்சொல்லாகிய கேரளம். சேரல், சேரலன் என்பன நம் பழைய வழக்கு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் தன் இரண்டாம் பாறைக் கட்டளையில் எல்லைநாட்டாரை எண்ணுங்கால் சோழ பாண்டியரொடு கேரளபுத்திரரையுங் கூறுகின்றான். அங்கே ககரமே நிற்கின்றது. கேரளம் என்பது சேரம் என்பதன் கன்னட வடிவம் என்று மலையாள அகராதி செய்த குண்டர்ட் கருதினார். கிவி செவி என்னும் நிரையில் இது நன்கு பொருந்தும். தேங்காயைக் குறிக்கும் கேரம் என்னுஞ் சொல்லினின்று நாட்டுப்பெயர் வந்ததென்பாரும் உளர். நாம் குண்டர்ட் பக்கமே சாய்வோம். ரகரம் நாமடிமெய் அன்றாதலின், தமிழின் விதிப்படி சகரமே வரவேண்டிய இடம் அது. அங்ஙனமாயின் மலைக்கு அப்பாலுள்ள நாட்டின் பெயர், வடக்கே வேற்று மொழியாளர் வாயில் ககரத்தொடு நெடுந்தூரம் சுற்றி, மீண்டும் மலைக்கு இப்பால் சிற்றாற்றுப் படுகையில் ஓர் ஊர்ப்பெயராக வந்து அமர்ந்துளது.

இவ்வளவும் அன்று வண்டியில் அரைகுறையாகக் கூறி முடித்தபொழுது, குற்றாலத்துப் பேரருவியின் ஓசை கேட்கத் தொடங்கிற்று. மாணவர் துண்டும் எண்ணெயுங் கையிலெடுத்தனர். முதலில் நகைத்த மாணவர் மட்டும் இறங்குமுன், "ஐயா, இவ்வூரை எல்லாரும் வீ.கே.புதூர் என்றுதானே சொல்கிறார்கள்? அந்தக் கே ஏன் சே ஆகவில்லை?" என்று வினவினார். அஃது ஆங்கில எழுத்தின் பெயர். தமிழிற் ககரம் சகரமான காலம் கடந்த பின்னர் வந்தது. கேணல், கேக்கு என்பவற்றைப் போல அதுவும் மாறாது நிற்கின்றது.